கண் காத்த காம்ப்பெல் அம்மையார்

பிறந்தபோது குழந்தையின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. மாதம் நிறையாமல் பிறந்த சிசு; எடை மூன்று ராத்தல்கூட இல்லை. அதைப் பிழைக்க வைப்பதே பெரும் பாடு. டாக்டர்களும் நர்ஸ்களும் இரவு பகலாகக் கண் விழித்துக் காப்பாற்றினார்கள். இரண்டு மூன்று மாதத்தில் குழந்தை தேறி வீட்டுக்குப் போயிற்று. வீட்டில் தாய் விளக்கைக் காட்டினாள், குழந்தை திரும்பவில்லை. முகத்துக்கு நேரே சிரித்தாள். குழந்தை அவளைப் பார்க்கவில்லை. இரு கண்களிலும் கருமணிக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. பார்வை அடியோடு போய்விட்டது.

இப்படி ஒரு குழந்தை அல்ல, இரண்டு குழந்தைகள் அல்ல. 1940ஐ ஒட்டித் தொடங்கிய இந்தக் கொடுமை 1953 வரையில் உலகத்தில் சுமார் 10,000 குழந்தைகளின் கண்ணைப் பறித்தது. இதில் ஒரு விசித்திரமும் இருந்தது. வசதி குறைந்த இடங்களைவிட, புத்தம் புதிய கருவிகள் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் இந்த நோய் அதிகமாகக் காணப்பட்டது. எங்கே கவனிப்பு அதிகமோ அங்கே குருடும் அதிகம்!

இதற்குக் காரணம் என்ன என்று உலகத்தின் பெரிய நிபுணர்கள் எல்லாரும் திகைத்து நின்றார்கள். கணக்குப் போட்டுக் காரணத்தைச் சுட்டிக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரில் இருந்த ஒரு பெண் டாக்டர். அவர்தான் டாக்டர் கேட் இசபெல் காம்ப்பெல் அம்மையார்.

ஷில்லிங் ஆஸ்பத்திரி

கேட் பிறந்தது 1899-ம் வருஷம் ஏப்ரல் 22ந் தேதி. மெல்போர்னைச் சேர்ந்த ஹாதார்ன் என்ற பகுதியில் அவர் குடும்பம் இருந்தது. தகப்பனார் ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறியவர். குமாஸ்தா உத்தியோகம் பார்த்தார். தாயார் ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பெரிய செல்வம் கிடையாது. சர்க்கார் பள்ளியில் படித்த கேட், உபகாரச் சம்பளம் பெற்று மெதடிஸ்ட் பெண்கள் கல்லூரியில் சேர்ந்தார். அங்கிருந்து மெல்போர்ன் சர்வகலாசாலைக்குப் போய் வைத்தியம் படித்தார்.

அந்தச் சர்வகலாசாலை, வைத்தியப் படிப்பில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதே 1887-ல்தான். படித்துப் பட்டம் வாங்கினாலும் ஆஸ்பத்திரிகளில் அந்தப் பெண்களுக்கு இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. ஆகவே பெண் டாக்டர்கள் சேர்ந்து, பெண்களுக்காகத் தாங்களே ஓர் ஆஸ்பத்திரியை ஏற்படுத்த முனைந்தார்கள். விக்டோரியா மகாராணியின் வைர விழாவையொட்டி, ஆளுக்கு ஒரு ஷில்லிங் வீதம் ஊராரிடம் வசூலித்தார்கள். அந்தச் சில்லறைக் காசுகளால் எழுந்ததுதான் மெல்போர்ன் விக்டோரியா ராணி ஆஸ்பத்திரி. அது திறக்கப்பட்டது 1899-ல். கேட் பிறந்ததும் அதே வருஷம். பிற்காலத்தில் அவர் ஏறக்குறைய நாற்பது வருஷம் உழைத்ததும் அதே ஆஸ்பத்திரியில்தான்.

1922-ல் கேட் டாக்டர் பட்டம் பெற்றார். அந்த வருஷம் அவருடன் பட்டம் பெற்றவர்களின் வரிசை அபூர்வமானது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மக்ஃபார்லேன் பர்னெட் அதில் ஒருவர். இளம்பிள்ளை வாதத்தை எதிர்த்துப் போராடிப் புகழ் பெற்ற ஜீன் மக்னமாரா அம்மையார் இன்னொருவர்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெறப் போன பெண் டாக்டர்களைச் சேர்த்துக்கொள்ள நிர்வாகம் தயங்கியது. பெண் டாக்டர்களுக்குத் தனிக் கழிப்பறை வசதி இல்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று! அந்தத் தடையையும் தாண்டிக் கேட் உள்ளே போனார். 1924-ல் எம்.டி. பட்டமும் பெற்றார். 1926-ல் விக்டோரியா ராணி ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கான கௌரவ டாக்டராக நியமனம் ஆயிற்று. 1965 வரை அந்தத் தொடர்பு நீடித்தது.

கையகலக் குழந்தைகள்

அந்த நாட்களில் டாக்டர்கள் பெரும்பாலும் பிரசவத்தைக் கவனித்தார்கள், தாயைக் கவனித்தார்கள். பிறந்து ஒரு மணி நேரமே ஆன சிசு தனக்கென்று தனி வைத்தியம் தேவைப்படும் ஜீவன் என்ற எண்ணம் அவ்வளவாக வேரூன்றவில்லை. குறைமாதத்தில் பிறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கையகலமே இருக்கும் அந்தக் குழந்தைகளுக்குத் தோலின் கீழ் கொழுப்பு கிடையாது. உடம்பின் சூடு நிற்காது. உறிஞ்சிப் பால் குடிக்கத் தெரியாது. மூச்சு விடும், திடீரென்று மறந்துவிடும், மறுபடியும் விடும். பிழைத்தால் பகவான் செயல் என்று விட்டுவிடுவதே வழக்கமாக இருந்தது.

காம்ப்பெல் அம்மையார் அப்படி விட்டுவிடச் சம்மதிக்கவில்லை. இந்தச் சிசுக்களையே தம்முடைய தனித் துறையாக எடுத்துக்கொண்டார். 1929-ல் மெல்போர்ன் சர்வகலாசாலை, பிறந்த சிசுக்களின் வைத்தியத்தைப் போதிக்க அவரை விரிவுரையாளராக நியமித்தது. 1965 வரை அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார். முப்பத்தாறு வருஷ காலம் மெல்போர்னில் வைத்தியம் படித்து வெளியே போன டாக்டர்கள், பச்சைக் குழந்தையைக் கையில் தூக்கிப் பார்க்கக் கற்றது அவரிடம்தான்.

ஆஸ்பத்திரியோடு அவர் வேலை நிற்கவில்லை. ஊர்தோறும் இருந்த சிசு நல நிலையங்களுக்குப் போனார். தாய்மார்களோடு பழகினார். அக்காலத்தில் நியூஸிலாந்து டாக்டர் ட்ரூபி கிங்கின் முறை அங்கெல்லாம் பரவியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்து நான்கு மணிக்கு ஒரு தடவை பால்; இடையில் குழந்தை அழுதாலும் கொடுக்கலாகாது என்பது அந்த முறை. கடிகாரத்தைவிடக் குழந்தையைப் பார்ப்பதே காம்ப்பெல் அம்மையாரின் சுபாவம். 1947-ல், சிசு நலத் துறையில் புகழ் பெற்ற வீரா ஸ்கான்டில்பரி பிரௌன் அம்மையாரும் அவரும் சேர்ந்து எழுதிய குழந்தை வளர்ப்பு நூல் வெளிவந்தது.

எதையும் நேரே பார்ப்பது. பார்த்ததை எழுதி வைப்பது. எழுதியதை ஒன்றோடொன்று ஒப்பிடுவது. இந்த மூன்று பழக்கங்களும்தான் பின்னால் அவருக்குக் கைகொடுத்தன.

கண்ணைப் பறிக்கும் மாயம்

1942-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரைச் சேர்ந்த கண் டாக்டர் தியோடர் டெர்ரி இந்தப் புது நோயைப் பற்றி முதன் முதலில் எழுதினார். கண்ணின் வில்லைக்குப் பின்னால் நார் போன்ற திசு வளர்ந்து பார்வையை மறைக்கிறது என்று அவர் கண்டார். குறைமாதக் குழந்தைகளுக்கே இது வருகிறது என்றும் கண்டார். காரணம் தெரியாமலே 1946-ல் அவர் காலமானார்.

அதன்பின் சந்தேகங்களுக்குக் கணக்கே இல்லை. வெளிச்சம் அதிகமோ? பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லையோ? ரத்தம் ஏற்றியதாலோ? தாய்க்கு இருந்த நோயோ? ஐம்பதுக்கு மேற்பட்ட காரணங்கள் ஆராயப்பட்டன.

அவற்றில் வைட்டமின் விவகாரம் மிகவும் சுவையானது. 1949-ல் பாஸ்டனில் கின்ஸி என்ற விஞ்ஞானியும் சகாரியாஸ் அம்மையாரும் பல ஊர்களின் ஆஸ்பத்திரிக் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போது குறைமாதக் குழந்தைகளுக்கு இரும்புச் சத்து மருந்தும், தண்ணீரில் கலக்கும் வைட்டமின் மருந்தும் புதிதாகக் கொடுக்கப்பட்டு வந்தன. அவை அதிகமாகக் கொடுக்கப்பட்ட இடங்களில் கண் நோயும் அதிகமாக இருந்தது. அதே பட்டியலில் பிராணவாயுவும் இருந்தது. ஆனால் வைட்டமினும் இரும்பும்தான் பலர் கண்ணில் பட்டன. வைட்டமின் குற்றவாளிக் கூண்டில் ஏறிற்று.

அதே 1949-ல் பால்டிமோர் நகரிலிருந்து வேறொரு செய்தி வந்தது. ஓவன்ஸ் தம்பதிகள் என்ற இரு டாக்டர்கள், 'ஈ' வைட்டமின் கொடுத்தால் இந்த நோயைத் தடுக்கலாம் என்று அறிவித்தார்கள். அவர்கள் எண்ணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. குறைமாதக் குழந்தையின் உடம்பில் 'ஈ' வைட்டமின் மிகவும் குறைவு. தாயிடமிருந்து அது கருவுக்குப் போதிய அளவில் போய்ச் சேருவதில்லை. ஆக, ஒரே வருஷத்தில் ஓர் ஊரில் வைட்டமின் எமனாயிற்று. இன்னோர் ஊரில் அதுவே ரட்சகன் ஆயிற்று! மற்றவர்கள் செய்து பார்த்தபோது பால்டிமோரில் கிடைத்த பலன் கிடைக்கவில்லை. வைட்டமின் மேல் சுமத்திய பழியும் நிலைக்கவில்லை.

இப்படி எல்லாரும் ஏமாந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இந்த நோய் தொடங்கிய குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது தானாகவே அடங்கிவிடும். நோய் தொடங்கியதும் எந்த மருந்தைக் கொடுத்தாலும், பல குழந்தைகளுக்குக் குணமானதாகவே தோன்றும். நியூயார்க்கில் ஒரு ஹார்மோன் மருந்தை 31 குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். 25 பேர் நல்ல பார்வையோடு வீடு திரும்பினார்கள். அற்புத மருந்து என்றே எண்ணினார்கள். பிறகு மருந்து கொடுத்த குழந்தைகளையும் கொடுக்காத குழந்தைகளையும் முறைப்படி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மருந்தால் பயன் இல்லை. கொடுக்கப்பட்டவர்களிடையே சாவுதான் அதிகம் என்று தெரிந்தது.

மூன்று இடம், ஒரு கணக்கு

இந்த நோய் மெல்போர்னுக்கும் வந்து சேர்ந்தது. காம்ப்பெல் அம்மையார் பாடுபட்டுப் பிழைக்க வைத்த குழந்தைகளிலும் கண் இழந்தவர்கள் இருந்தார்கள்.

அக்காலத்தில் பிராணவாயு தாராளமாகக் கொடுக்கப்பட்டது. 1942-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. விட்டு விட்டு மூச்சு விடும் குறைமாதச் சிசுக்களுக்குப் பிராணவாயு மிகுந்த காற்றைக் கொடுத்தபோது மூச்சு ஒரே சீராக வந்தது. இதைக் கண்ட டாக்டர்கள், நீலம் பாய்ந்த குழந்தைக்கு மட்டும் அல்லாமல், சிவந்த மேனியோடு இருக்கும் குழந்தைக்கும் நாள் கணக்கில், வாரக் கணக்கில் பிராணவாயு கொடுத்தார்கள். புதிதாக வந்த சூட்டுப் பெட்டிகள் இறுக மூடியவை. உள்ளே விட்ட வாயு வெளியே கசியாது. சாதாரணக் காற்றில் நூற்றுக்கு 21 பங்கே பிராணவாயு. இந்தப் பெட்டிகளுக்குள் அது இரண்டு மடங்கு, மூன்று மடங்காக ஏறியது.

மெல்போர்னில் குறைமாதக் குழந்தைகளைப் பராமரிக்கும் மூன்று நிலையங்களை அம்மையார் எடுத்துக்கொண்டார். ஒன்றில் பிராணவாயுவுக்குக் குறைவே இல்லை. எல்லாக் குழந்தைக்கும் தாராளமாகப் பாய்ந்தது. மற்ற இரண்டில் தேவைப்பட்டபோது மட்டும் அளவாகக் கொடுத்தார்கள். அப்படிச் சிக்கனம் பார்க்க வாயுவின் விலையும் ஒரு காரணம். 1948 முதல் 1950 வரையில் இங்கெல்லாம் வளர்ந்த குழந்தைகளின் கண்கள் எப்படி இருக்கின்றன என்று அவர் கணக்கெடுத்தார்.

தாராளமாகக் கொடுத்த நிலையத்தில் 123 குழந்தைகள்; அவர்களில் 23 பேருக்குக் கண் நோய். அளவாகக் கொடுத்த இரண்டு நிலையங்களிலும் சேர்த்து 58 குழந்தைகள். அவர்களில் நோய் கண்டது 4 பேருக்கே. முன்னதில் நூற்றுக்குப் பத்தொன்பது. பின்னதில் நூற்றுக்கு ஏழு.

காசில்லாமல் சிக்கனம் பிடித்த இடத்தில் கண் பிழைத்தது. வாரி வழங்கிய இடத்தில் கண் போயிற்று!

1951 ஜூலையில் ஆஸ்திரேலிய வைத்தியப் பத்திரிகையில் அம்மையாரின் கட்டுரை வெளிவந்தது. மிகுதியான பிராணவாயுவே இந்த நோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்பது அதன் சாரம். இருக்கக்கூடும் என்றாரே தவிர, இதுதான் என்று அடித்துச் சொல்லவில்லை. தம்முடைய கணக்கு சிறியது என்பதும், மூன்று இடங்களுக்கும் வேறு வித்தியாசங்கள் இருக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியும். ஏறக்குறைய அதே சமயத்தில் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரின் மேரி கிராஸ் அம்மையாரும் பிராணவாயுவைச் சந்தேகித்தார். அந்த நாட்டில் 1948-ல் தேசிய சுகாதாரத் திட்டம் வந்து, பணக் கவலையின்றிக் கருவிகள் கிடைக்கத் தொடங்கிய பிறகே இந்த நோய் தலைதூக்கியதை அவர் கவனித்திருந்தார்.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. பிராணவாயு உயிர்மூச்சு, அதைக் குறைக்கச் சொல்வது குழந்தையின் கழுத்தை நெரிப்பது போல அல்லவா என்று பலர் நினைத்தார்கள். வாஷிங்டன் நகரில் ஆர்னால் பாட்ஸ் என்ற இளம் கண் டாக்டர், சில குழந்தைகளுக்குத் தாராளமாகவும் சில குழந்தைகளுக்கு அளவாகவும் கொடுத்து ஒப்பிடும் சோதனையைத் தொடங்கினார். அங்கே சில நர்ஸ்கள் குழந்தைகளின் மேல் இரக்கப்பட்டு, இரவு வேளையில் அளவாகக் கொடுக்க வேண்டிய குழந்தைகளுக்கும் குழாயைத் திறந்துவிட்டார்கள்! அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள்.

கண்ணுக்குள் நடப்பது என்ன?

விழியின் உட்புறத்தில் ஒளியை வாங்கும் மெல்லிய திரை இருக்கிறது. அதுதான் விழித்திரை. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்கள், கரு நாலு மாதம் ஆகும்போது கண்ணின் நடுவில் தொடங்கி, மெல்ல மெல்ல ஓரத்தை நோக்கி வளருகின்றன. பத்தாம் மாதத்தில்தான் கடைசி ஓரத்தைத் தொடும். கர்ப்பத்தினுள் பிராணவாயு குறைவு. அந்தக் குறைவே குழாய்களை வளரத் தூண்டுகிறது.

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தைக்கு இந்த வேலை பாதியில் நிற்கிறது. அப்போது பிராணவாயுவை அளவின்றிக் கொடுத்தால், இனி நமக்கு வேலை இல்லை என்பதுபோலக் குழாய்கள் வளர்ச்சியை நிறுத்திவிடும், இருப்பவையும் சுருங்கிவிடும். பிறகு வெறும் காற்றுக்கு வந்ததும், ரத்தம் போய்ச் சேராத ஓரங்கள் பட்டினியால் தவிக்கும். அந்தத் தவிப்பில் முறையற்ற புதுக் குழாய்கள் காட்டுக்கொடி போலக் கிளம்பும். அவை கசியும், தழும்பாகும், கடைசியில் விழித்திரையையே பிடித்து இழுத்துப் பெயர்த்துவிடும். லண்டனில் நார்மன் ஆஷ்டன் என்ற நிபுணர் பூனைக்குட்டிகளை வைத்துச் செய்த சோதனைகளில் பிராணவாயுவின் இந்தச் செயல் தெளிவாயிற்று.

முருங்கைக் கீரையும் மீன் எண்ணெயும் கொடுத்தால் தீருமே, அந்த மாலைக்கண் நோய் வேறு, இது வேறு. அது 'ஏ' வைட்டமின் பற்றாக்குறையால் வளர்ந்த குழந்தைகளுக்கு வருவது. இது பாதியில் நின்றுபோன வளர்ச்சியால் குறைமாதச் சிசுவுக்கு வருவது.

கடல் கடந்த தீர்ப்பு

1953-ல் அமெரிக்காவில் 18 ஆஸ்பத்திரிகள் ஒன்று சேர்ந்தன. 786 குறைமாதக் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு பெரிய சோதனை நடத்தின. முன்பு வைட்டமினைச் சந்தேகித்த அதே கின்ஸிதான் இதற்கும் பொறுப்பாளர். முதல் மூன்று மாதம் மூன்றில் ஒரு குழந்தைக்குத் தாராளப் பிராணவாயு. மற்றவர்களுக்குத் தேவைக்கு மட்டும். அதன்பின் எல்லாருக்கும் தேவைக்கு மட்டுமே. 1954 செப்டம்பரில் முடிவு வெளியாயிற்று. தாராளமாகப் பெற்றவர்களுக்கே கண் நோய் பல மடங்கு அதிகம். அளவாகக் கொடுத்ததால் சாவு அதிகமாகவில்லை என்றும் அப்போது தோன்றியது. மூன்று வருஷம் முன்னால் மெல்போர்னில் போட்ட சின்னஞ்சிறு கணக்கு சரியாகிவிட்டது!

உலகமெங்கும் வாயுக் குழாய்கள் திருகி மூடப்பட்டன. குருடாகும் குழந்தைகளின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. 1956-ல் கின்ஸிக்கும் பாட்ஸுக்கும் அமெரிக்காவின் புகழ் பெற்ற லாஸ்கர் பரிசு கிடைத்தது. பாட்ஸுக்கு அதை வழங்கியவர் ஹெலன் கெல்லர் அம்மையார்.

காம்ப்பெல் அம்மையாரை அவர் நாடும் மறக்கவில்லை. 1954-ல் பிரிட்டிஷ் அரசின் ஸி.பி.இ. விருது கிடைத்தது. 1964-ல், ஆஸ்திரேலியாவில் முதன் முதலாக வழங்கப்பட்ட பிரிட்டானிகா கலைக்களஞ்சியப் பரிசில் வைத்தியத்துக்குரிய பரிசை அவரும் ஸிட்னி நகரின் நார்மன் கிரெக்கும் பங்கிட்டுக்கொண்டார்கள். பொருத்தமான ஜோடிதான். கிரெக் கண் டாக்டர். குழந்தைகளின் கண்ணில் புரை விழுவதைப் பார்த்து, அதற்குக் காரணம் கர்ப்ப காலத்தில் தாய்க்கு வந்த ஜெர்மன் மணல்வாரி என்று 1941-ல் கண்டுபிடித்தவர். காம்ப்பெல் அம்மையார் குழந்தை டாக்டர். கண் போவதற்குக் காரணம் மூச்சுக் காற்றில் இருக்கிறது என்று கண்டவர். இருவரிடமும் பெரிய ஆராய்ச்சிச் சாலை இல்லை. கவனித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தது.

தராசின் மறு தட்டு

கதை இத்துடன் சுபமாக முடிந்துவிடவில்லை. அம்மையார் சொன்னது மிகுதி கூடாது என்பது. உலகம் எடுத்துக்கொண்டதோ, கொடுக்கவே பயப்படு என்பது. நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் பிராணவாயு கூடாது என்று பல ஆஸ்பத்திரிகளில் ஒரு கோடு கிழித்தார்கள். நுரையீரல் முதிராமல் திணறிய குழந்தைக்கும் அதே கோடுதான். கண் பிழைத்தது; ஆனால் உயிர் போயிற்று. 1973-ல் இங்கிலாந்தில் கென்னத் கிராஸ் என்ற நிபுணர் ஒரு கணக்குப் போட்டார். ஒரு குழந்தையின் பார்வையைக் காக்கும்போது ஏறக்குறைய 16 குழந்தைகளின் உயிர் பலியாகியிருக்கலாம் என்பது அவர் மதிப்பீடு. 2010-ம் வருஷத்தையொட்டி நடந்த பெரிய சோதனைகளும், ரத்தத்தில் பிராணவாயுவை மிகவும் தாழ்த்தி வைத்தால் கண் நோய் குறைகிறது, சாவு கூடுகிறது என்றே காட்டின. அளவுக்கு மிஞ்சினாலும் ஆபத்து. அளவுக்குக் குறைந்தாலும் ஆபத்து.

வைட்டமினும் மறுபடி தலைகாட்டிற்று. மிகவும் சிறிய குழந்தைகள் பிழைக்கத் தொடங்கியதும் கண் நோயும் திரும்பியது. 'ஈ' வைட்டமினைப் பற்றிய பழைய நம்பிக்கையும் திரும்பியது. சரியாகச் சோதிக்கப்படாத ஓர் 'ஈ' வைட்டமின் ஊசி மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1984-ல் அது திரும்பப் பெறப்பட்டபோது 38 சிசுக்களின் மரணம் அதனுடன் சம்பந்தப்படுத்திப் பேசப்பட்டது. பிற்கால ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தால், மிகச் சிறிய குழந்தைகளுக்கு 'ஈ' வைட்டமின் கடுமையான கண் நோயை ஓரளவு குறைப்பது உண்மைதான். ஆனால் அதே மருந்தை மிகுதியாகக் கொடுத்தால் ரத்தத்தில் விஷக்கிருமி பரவும் அபாயம் கூடுகிறது. ஆகவே எல்லாக் குழந்தைக்கும் அதிக அளவில் கொடுக்கும் வழக்கம் ஏற்கப்படவில்லை. சத்து என்ற பெயர் இருப்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது என்பதைப் பிராணவாயுவும் வைட்டமினும் சேர்ந்தே கற்பித்தன.

கடைசி நாட்கள்

காம்ப்பெல் அம்மையார் மணம் செய்துகொள்ளவில்லை. எஸ்ஸென்டன் பகுதியில் பத்து வருஷம் பொது வைத்தியமும், 1937 முதல் மெல்போர்னின் காலின்ஸ் வீதியில் குழந்தை நிபுணராகத் தனி வைத்தியமும் செய்தார். 1966-ல் மெல்போர்ன் சர்வகலாசாலை அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1971-ல் டேம் என்ற உயர்ந்த பட்டம் வந்தது. 1986 ஜூலை 12ந் தேதி, தமது 87-வது வயதில் காலமானார்.

அவர் தொடங்கிவைத்த காரியம் இன்றும் நம் வாசலில் நிற்கிறது. இந்தியாவில் குறைமாதக் குழந்தைகள் முன்னைவிட அதிகமாகப் பிழைக்கிறார்கள். சிறிய ஊர்களில்கூடச் சிசுக்களுக்கான தீவிரச் சிகிச்சைப் பிரிவுகள் வந்துவிட்டன. எங்கே பிராணவாயு இருந்து அதை அளந்து கொடுக்கும் கருவியும் கவனமும் இல்லையோ, அங்கே 1940-களின் கொடுமை மறுபடியும் நுழைகிறது. இன்று அதற்கு வைத்தியம் உண்டு. லேசர் ஒளியாலும், கண்ணில் போடும் ஊசியாலும் பார்வையைக் காக்க முடியும். ஆனால் காலம் தவறக்கூடாது. 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையானாலும், இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தையானாலும், பிறந்த 30 நாட்களுக்குள் கண் நிபுணர் அதன் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும் என்பது இந்தியாவில் டாக்டர்கள் வகுத்துள்ள விதி. மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்னதாகவே பார்க்க வேண்டும். வெளிப் பார்வைக்குக் கண் நன்றாகவே இருக்கும். அதை நம்பிச் சும்மா இருந்துவிடலாகாது.

மெல்போர்னில் ஒரு பெண் டாக்டர் செய்ததும் அவ்வளவுதான். நன்மை செய்கிறோம் என்று எல்லாரும் நம்பியிருந்த வேளையில், செய்வது நன்மைதானா என்று குழந்தையின் கண்ணைப் பார்த்துச் சரிபார்த்தார். அந்தப் பார்வையால் எண்ணற்ற குழந்தைகள் பார்வை பெற்றார்கள்.